ரூபியில் ஒரே ஒரு யூனிட் டெஸ்டை மட்டும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) எண்களை உருவாக்கும், ரூபி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட பழைய நூலகம் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுதி) ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதன் யூனிட் டெஸ்ட்களின், அதாவது நிரலின் சிறு பகுதிகள் சரியாக இயங்குகின்றனவா என்று தானாகச் சோதிக்கும் குறுநிரல்களின், தொகுப்பை முழுவதுமாக ஓட்டி முடிக்கப் பல நிமிடங்கள் பிடித்தன. அந்தத் தொகுப்பில் இருந்த ஒரு டெஸ்ட் சில நேரம் தேறியது, சில நேரம் தோற்றது. ஏப்ரல் 1 அதிகாலையில் போடப்படும் பட்டியல் புதிய நிதியாண்டைச் சேர வேண்டும் என்பதைச் சரிபார்க்கும் டெஸ்ட் அது. அதை மட்டும் தனியே எடுத்து, கட்டளை வரியிலிருந்து வேண்டியபோதெல்லாம் சில நொடிகளில் ஓட்டிப் பார்க்க முடிந்தால்தான் காரணத்தை நெருங்க முடியும் என்பது தெளிவாக இருந்ததால், வேறு எதையும் தொடும் முன் அந்த வழியைச் செம்மையாக அமைத்துக்கொண்டேன். கீழே உள்ள கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் உள்ளிட வேண்டும்.

முதலில் அறிய வேண்டியது, திட்டம் எந்த டெஸ்ட் நூலகத்தைப் பயன்படுத்துகிறது என்பது. ரூபி 1.8 காலத்தில் டெஸ்ட் யூனிட் மொழியோடு சேர்ந்தே வந்தது, 1.9-இல் அதன் இடத்தை மினிடெஸ்ட் பிடித்தது. 2014 டிசம்பரில் வந்த 2.2 முதல் இரண்டுமே தனி ஜெம்களாக (ரூபி நூலகங்களைப் பொதிந்து தரும் வடிவம்) உடன் வருகின்றன. டெஸ்ட்களைத் தொகுத்துவைக்கும் கிளாஸ் எதிலிருந்து பிறக்கிறது என்று கோப்பின் தொடக்கத்தைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். எங்கள் திட்டத்தில் அது மினிடெஸ்ட். இந்த வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவதில்லை: டெஸ்ட் யூனிட்டில் மெத்தடின் (கிளாஸுக்குள் ஒரு டெஸ்டைக் கொண்ட செயற்கூறின்) பெயர் டெஸ்ட் என்று தொடங்கினாலே போதும், மினிடெஸ்டிலோ அதை அடுத்து ஓர் அடிக்கோடும் இருந்தாக வேண்டும். அடிக்கோடு இல்லாத பழைய மெத்தட்கள், ஒரு நூலகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்ட திட்டங்களில், எந்த எச்சரிக்கையும் இன்றி ஓடாமலே கிடக்கும்.

ஒரு டெஸ்ட் கோப்பை ஓட்டுவதற்குத் தனி இயக்கி எதுவும் தேவையில்லை. மினிடெஸ்டின் ஆட்டோரன் கோப்பை ஏற்றியவுடன், நிரல் முடியும் தருணத்தில் செய்ய வேண்டிய வேலையாக டெஸ்ட்களை ஓட்டும் பணியை அது பதிந்துவைக்கிறது. ஆகவே டெஸ்ட் கோப்பைச் சாதாரண ரூபி நிரலைப் போல ஓட்டினால், கிளாஸ்கள் வரையறுக்கப்பட்டு, கோப்பின் கடைசி வரி முடிந்த பிறகு டெஸ்ட்கள் ஓடுகின்றன. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டால், பின்னால் வரும் எல்லாக் கட்டளைகளும் தாமாகவே பொருள்படும் என்று நினைக்கிறேன்.

கோப்பை மட்டும் கொடுத்தபோது, டெஸ்ட்களுக்கான பொது அமைப்புகளைக் கொண்ட டெஸ்ட் ஹெல்பர் கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ரூபி நின்றுவிட்டது. ரூபி 1.9.2 முதல் நடப்புக் கோப்புறை ஏற்றுப் பாதையில் இயல்பாக இடம்பெறுவதில்லை. எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கான விருப்பம் (ஆப்ஷன்) சிறுகோடும் பெரிய ஐ எழுத்தும் ஆகும்:

ரூபி -ஐலிப்:டெஸ்ட் டெஸ்ட்/இன்வாய்ஸ்_டெஸ்ட்.ஆர்பி

லினக்ஸிலும் மேக்கிலும் கோப்புறைகளை முக்காற்புள்ளியால் பிரிக்கிறோம், விண்டோஸில் அரைப்புள்ளி. இங்கே ஐ பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும், ஏனெனில் சிறிய ஐ என்பது கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தும் முறைக்கான வேறொரு விருப்பம். திட்டத்தில், தேவையான ஜெம்களைப் பட்டியலிடும் ஜெம்ஃபைல் இருந்தால் வரியின் முன்னால் பண்டில் எக்ஸெக் சேர்த்துக்கொள்வது நல்லது; இல்லையெனில் கணினியில் இருக்கும் வேறொரு மினிடெஸ்ட் பதிப்பு ஏற்றப்பட்டு, திட்டம் பூட்டிவைத்திருக்கும் பதிப்போடு முரண்படக்கூடும்.

இனி ஒரு மெத்தடைத் தேர்ந்தெடுப்பது. மினிடெஸ்டுக்கும் டெஸ்ட் யூனிட்டுக்கும் பொதுவான விருப்பம் சிறுகோடும் சிறிய என் எழுத்தும்:

ரூபி -ஐலிப்:டெஸ்ட் டெஸ்ட்/இன்வாய்ஸ்_டெஸ்ட்.ஆர்பி -என் டெஸ்ட்_ஏப்ரல்_அதிகாலை

இந்த வரியில் நான் அதிகம் கவனம் செலுத்திய இடம், விருப்பங்கள் நிற்கும் வரிசை. ஒரே கட்டளை வரியைப் பலர் அடுத்தடுத்துப் படிக்கிறார்கள்: முதலில் ஷெல் (நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை ஏற்கும் நிரல்), அடுத்து ரூபி, கடைசியில் டெஸ்ட் நூலகம். கோப்பின் பெயருக்கு முன்னால் இருப்பவை எல்லாம் ரூபிக்குரியவை; பின்னால் இருப்பவற்றை ரூபி தொடாமல் நிரலிடம் ஒப்படைக்கிறது, அவற்றைத்தான் மினிடெஸ்ட் படிக்கிறது. சிறுகோடு என் என்ற அதே விருப்பத்தைக் கோப்பின் பெயருக்கு முன்னால் வைத்தால், ரூபி அதைத் தனக்குரியதாக எடுத்துக்கொள்கிறது. ரூபியின் அகராதியில் அதற்கு, உள்ளீட்டின் ஒவ்வொரு வரிக்கும் நிரலைத் திரும்ப ஓட்டு என்று பொருள். அதை அடுத்து வரும் டெஸ்டின் பெயர், ஓட்ட வேண்டிய கோப்பின் பெயராகக் கருதப்பட்டு, அப்படி ஒரு கோப்பு இல்லை என்ற பிழைச் செய்தி வருகிறது. அந்தச் செய்தியைப் பார்ப்பவர் டெஸ்ட் கோப்பின் பாதையைச் சந்தேகிப்பாரே தவிர, விருப்பம் நிற்கும் இடத்தைச் சந்தேகிக்கமாட்டார்.

ரேக் என்ற ரூபி பணி இயக்கி வழியாக ஓட்டுபவர்களுக்கு இதே எழுத்து மூன்றாவது பொருளும் தருகிறது. ரேக் கட்டளைக்குச் சிறுகோடு என் கொடுத்தால், வேலைகளைச் செய்யாமல், என்னென்ன செய்யப்படும் என்று மட்டும் அச்சிடும் ஒத்திகை முறை அது. ஆகவே அங்கே டெஸ்ட் நூலகத்துக்கான விருப்பங்களை டெஸ்ட்ஆப்ட்ஸ் என்ற சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் பெயரிட்ட மதிப்பில்) பொதிந்து அனுப்ப வேண்டும். கோப்பை டெஸ்ட் என்ற மாறியில் தர வேண்டும். இரண்டு மாறிகளின் பெயர்களும் முழுவதும் பெரிய எழுத்துகளில் அமைய வேண்டும்:

ரேக் டெஸ்ட் டெஸ்ட்=டெஸ்ட்/இன்வாய்ஸ்_டெஸ்ட்.ஆர்பி டெஸ்ட்ஆப்ட்ஸ்="-என் டெஸ்ட்_ஏப்ரல்_அதிகாலை -வி"

ஒரு டெஸ்டைத் துருவி ஆராயும் வேளையில் ரேக்கைத் தவிர்த்து, ரூபியை நேரடியாக அழைப்பதையே நான் விரும்புகிறேன். இடையில் படிப்பவர்களின் எண்ணிக்கை குறையக் குறைய, எதிர்பாராத பொருள்கோடலுக்கு இடமும் குறைகிறது.

பெயர் எப்படிப் பொருத்தப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெறும் பெயராகக் கொடுத்தால் அது முழுமையாகவும் எழுத்துக்கு எழுத்தும் பொருந்த வேண்டும். பாதிப் பெயர் எதையும் தேர்ந்தெடுக்காது. இரு சாய்கோடுகளுக்குள் வைத்தால் அது ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது எழுத்துக் கோவைக்கான வடிவ விதியாக, எடுத்துக்கொள்ளப்பட்டு, பெயரின் எந்தப் பகுதியோடும் பொருந்தும். கிளாஸின் பெயர், ஹாஷ் குறி, மெத்தடின் பெயர் என்ற முழு வடிவத்தையும் மினிடெஸ்ட் ஏற்கிறது. இரண்டு கிளாஸ்களில் ஒரே பெயருள்ள மெத்தட்கள் இருக்கும்போது அது கைகொடுக்கும். ரெகுலர் எக்ஸ்பிரஷனை எப்போதும் ஒற்றை மேற்கோளுக்குள் வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அதில் செங்குத்துக் கோடு இருந்தால் ஷெல் அதைக் குழாயாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குத் தரும் குறியாக) எடுத்துக்கொள்ளும். டாலர் குறி இருந்தால் மாறியாகக் கருதக்கூடும். நட்சத்திரக் குறியைக் கண்டால் இசட்-ஷெல் பொருந்தும் கோப்புகளைத் தேடி, கிடைக்கவில்லை என்று கட்டளையையே ஓட்ட மறுத்துவிடும்.

டெஸ்டின் பெயரைக் கோப்பில் பார்ப்பது போலவே கட்டளையில் எழுதினால் எல்லா நேரமும் பொருந்தும் என்று எண்ணிவிடவும் கூடாது. ரூபியின் வலைச் செயலிச் சட்டகமான ரெயில்ஸில் டெஸ்ட் என்ற சொல்லுக்குப் பின் மேற்கோளுக்குள் எழுதும் வாக்கியம், இடைவெளிகள் அடிக்கோடுகளாக மாறி, முன்னால் டெஸ்ட்_ சேர்ந்து மெத்தடின் பெயராகிறது. டெஸ்ட்களை வாக்கியம் போல எழுதும் மினிடெஸ்டின் ஸ்பெக் நடையிலோ, இட் என்பதற்குப் பின் வரும் வாக்கியத்தின் இடைவெளிகள் அப்படியே நிற்க, முன்னால் டெஸ்ட்_0001_ என்பது போன்ற நான்கு இலக்க வரிசை எண் சேர்கிறது. நடுவில் ஒரு டெஸ்டைச் செருகினால் பின்னால் வருபவற்றின் எண்கள் மாறிவிடும் என்பதால், ஸ்பெக் நடையில் எண்ணை விட்டுவிட்டு வாக்கியத்தின் ஒரு பகுதியை மட்டும் சாய்கோடுகளுக்குள் தருவதே பாதுகாப்பானது. ரூபி 2.0 முதல் மூலக் கோப்புகளின் இயல்பான குறியாக்கம் பல மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 என்பதால், டெஸ்ட்_ என்ற முன்னொட்டுக்குப் பிறகு தமிழிலேயே பெயர் வைக்கலாம். டெர்மினலின் குறியாக்கமும் அதுவாகவே இருந்தால், அந்தத் தமிழ்ப் பெயரைக் கட்டளையில் கொடுத்துத் தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. நிதியாண்டு, முன்பணம், கழிவு போன்ற கணக்குச் சொற்கள் நிறைந்த திட்டத்தில் இது உண்மையாகவே வாசிப்பை எளிதாக்கியது.

தேர்ந்தெடுத்த டெஸ்ட் உண்மையிலேயே ஓடியதா என்பதைச் சரிபார்ப்பதை நான் எந்நிலையிலும் விடுவதில்லை. பெயர் பொருந்தாதபோது எங்கள் திட்டத்தில் இருந்த மினிடெஸ்ட் பதிப்பு பிழை எதுவும் காட்டாமல், பூஜ்ஜியம் ஓட்டங்கள், பூஜ்ஜியம் உறுதிப்படுத்தல்கள், பூஜ்ஜியம் தோல்விகள் என்று அச்சிட்டு வெற்றியாகவே வெளியேறியது. கடைசி வரியில் தோல்வி பூஜ்ஜியம் என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், ஓடாத டெஸ்டைத் தேறியதாக எண்ணிக்கொள்ள நேரும். அதனால் சிறுகோடு வி என்ற விருப்பத்தை எப்போதும் சேர்த்தேன். அப்போது ஓடிய ஒவ்வொரு டெஸ்டின் கிளாஸ் பெயரும் மெத்தட் பெயரும் எடுத்துக்கொண்ட நேரமும் ஒவ்வொரு வரியாக வரும். சந்தேகம் வந்தால், டெஸ்டுக்குள் எதிர்பார்க்கும் விடையை வேண்டுமென்றே மாற்றிவைத்து, அது தோற்கிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதியான வழி.

ரெயில்ஸ் திட்டங்களில் இந்தப் பெயர்த் தொல்லை பெரிதும் இல்லை. 2016-இல் வந்த ரெயில்ஸ் 5.0 முதல், பின்/ரெயில்ஸ் டெஸ்ட் என்ற கட்டளைக்குக் கோப்பின் பாதையோடு முக்காற்புள்ளியும் வரி எண்ணும் கொடுத்தால், அந்த வரி எந்த டெஸ்டுக்குள் விழுகிறதோ அது மட்டும் ஓடும். டெஸ்ட் தோற்றால், அதை மீண்டும் ஓட்டுவதற்கான முழு வரியையும் அதுவே அச்சிட்டுத் தருகிறது. ஆர்ஸ்பெக் என்ற மற்றொரு டெஸ்ட் நூலகத்தைப் பயன்படுத்துவோரும் கோப்போடு வரி எண் கொடுக்கும் இந்த முறையை நன்கு அறிவார்கள்.

இவ்வளவும் அமைந்த பின் அந்த ஏப்ரல் டெஸ்டைத் தனியாக ஓட்டினேன். அது தேறியது. திரும்பத் திரும்ப ஓட்டினாலும் தேறியது. தனியே தேறி, கூட்டத்தில் சில நேரம் மட்டும் தோற்கும் டெஸ்ட், தனக்கு முன் ஓடிய வேறொன்றின் எச்சத்தால் பாதிக்கப்படுகிறது என்றே கொள்ள வேண்டும். மினிடெஸ்ட் இயல்பாகவே டெஸ்ட்களை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வரிசையில் ஓட்டுகிறது. அந்த வரிசையைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை ஓட்டத்தின் தொடக்கத்திலேயே அச்சிட்டும் விடுகிறது. தோல்வி நேர்ந்த ஓட்டத்தின் சீட் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரு சிறுகோடுகளோடு சீட் என்ற விருப்பத்தில் அதே எண்ணைக் கொடுத்து முழுத் தொகுப்பையும் ஓட்டியபோது, தோல்வி தவறாமல் திரும்ப வந்தது. நினைத்தபோது வரவழைக்க முடிகிற தோல்வி கையில் கிடைத்ததும் வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

எந்த டெஸ்ட் குற்றவாளி என்று கண்டுபிடிக்க, மினிடெஸ்ட் பைசெக்ட் என்ற ஜெம்மைப் பயன்படுத்தினேன். சீட் எண்ணையும் கோப்புகளையும் கொடுத்தால், அது தொகுப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே திரும்ப ஓட்டி, தோல்வியை உண்டாக்கத் தேவையான மிகச் சிறிய கூட்டத்தைக் கண்டடைகிறது; முடிவில், அந்த டெஸ்ட்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனுடன் கூடிய முழுக் கட்டளையையும் தருகிறது. எங்கள் தொகுப்பில் மிஞ்சியவை இரண்டு: ஏப்ரல் டெஸ்ட் ஒன்று, மாதாந்தர அறிக்கைக் கோப்பில் இருந்த மற்றொன்று.

வெவ்வேறு கோப்புகளில் இருக்கும் இரண்டு டெஸ்ட்களை மட்டும் சேர்த்து ஓட்ட, ஒரு கோப்பைச் சிறுகோடு ஆர் என்ற விருப்பத்தால் முன்கூட்டியே ஏற்றிவிட்டு, மற்றதை நிரலாகக் கொடுத்தால் போதும்:

ரூபி -ஐலிப்:டெஸ்ட் -ஆர்./டெஸ்ட்/ரிப்போர்ட்_டெஸ்ட்.ஆர்பி டெஸ்ட்/இன்வாய்ஸ்_டெஸ்ட்.ஆர்பி -வி -என் '/ஏப்ரல்_அதிகாலை|மாத_அறிக்கை/'

ஆட்டோரன் நிரலின் முடிவில்தான் வேலையைத் தொடங்குகிறது என்பதால், இரு கோப்புகளின் கிளாஸ்களும் அதற்குள் பதிவாகிவிடுகின்றன. ஏற்றப்படும் கோப்புகள் மாறினால், அதே சீட் எண்ணும் கிளாஸ்களை வேறு வரிசையில் நிறுத்தக்கூடும். ஆகவே இங்கே பழைய எண்ணை நம்பாமல், அறிக்கை டெஸ்ட் முதலில் வரும் ஒரு சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டேன்.

காரணம் அப்போது கண்ணுக்கு நேராக வந்தது. அறிக்கை டெஸ்டின் செட்டப் பகுதி (டெஸ்டுக்கு முன் ஓடுவது), நேர மண்டலத்தைக் குறிக்கும் டிஇசட் என்ற சூழல் மாறியில் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எழுதுகிறது. டெஸ்ட் முடிந்ததும் பழைய மதிப்பைத் திருப்பி வைப்பதில்லை. ரூபியில் அந்த மாறியை மாற்றினால், அதன் பிறகு அந்த நிரலோட்டத்தில் உள்ளூர் நேரம் கேட்கும் எல்லாவற்றுக்கும் புதிய மண்டலமே விடை சொல்லும். ஏப்ரல் டெஸ்ட், யூடிசி கணக்கில் 2024 மார்ச் 31 மாலை 7.30 என்ற நேரத்தை எடுத்து, அது 2024-25 நிதியாண்டைச் சேர்ந்தது என்று எதிர்பார்க்கிறது. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், இங்கே அது ஏப்ரல் 1 அதிகாலை 1 மணி. மண்டலம் யூடிசியாக மாறியிருந்தால், நூலகம் மார்ச் மாதத்தைக் கண்டு 2023-24 என்று விடை சொல்கிறது.

அறிக்கை டெஸ்டைத் திருத்தினாலே தொகுப்பு அமைதியாகிவிடும். அதோடு நிறுத்துவது சரியில்லை என்று எனக்குப் பட்டது. தோற்ற டெஸ்ட் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: இயந்திரத்தின் மண்டலத்தை நம்பி நிதியாண்டைக் கணக்கிடும் நூலகம், பெரும்பாலான சர்வர்களைப் போல யூடிசியில் இயங்கும் ஒன்றில் வைக்கப்பட்டால், ஏப்ரல் 1 நள்ளிரவு முதல் காலை 5.30 வரை போடப்படும் ஒவ்வொரு பட்டியலையும் பழைய ஆண்டில் சேர்த்துவிடும். ஜி.எஸ்.டி. விதிகளின்படி பட்டியல் எண் 16 எழுத்துகளுக்கு மிகாமலும், ஒரு நிதியாண்டுக்குள் வேறொன்றோடு மோதாமலும், தொடர் வரிசையிலும் இருக்க வேண்டும். மூடப்பட்ட ஆண்டின் வரிசையில் புதிய எண்கள் ஏறினால் அதன் சுமை கணக்காளர்கள் தலையில் விழும். எங்கள் தானியங்கிச் சோதனை இயந்திரத்தில் டிஇசட் மாறி ஆசியா/கொல்கத்தா என்று முன்பே வைக்கப்பட்டிருந்ததால், அங்கும் இக்குறை பெரும்பாலும் மறைந்தே கிடந்தது.

இதைச் சோதிக்கத் தனி டெஸ்ட் ஓட்டம் மீண்டும் உதவியது. சூழல் மாறியைக் கட்டளையின் முன்னாலேயே எழுதினால், அந்த ஓர் ஓட்டத்துக்கு மட்டும் அது செல்லுபடியாகும்:

டிஇசட்=யூடிசி ரூபி -ஐலிப்:டெஸ்ட் டெஸ்ட்/இன்வாய்ஸ்_டெஸ்ட்.ஆர்பி -வி -என் டெஸ்ட்_ஏப்ரல்_அதிகாலை

வேறு எந்த டெஸ்டின் துணையும் இல்லாமல், தனியாகவே அது தோற்றது. இப்போது திருத்த வேண்டிய இடம் நூலகத்தின் உள்ளே என்பதில் ஐயமில்லை. நேரத்தை உள்ளூர் மண்டலத்துக்கு மாற்றும் கெட்லோக்கல் மெத்தட் வெறுமனே அழைக்கப்பட்டிருந்தது. அதற்கு +05:30 என்ற இடைவெளியை வெளிப்படையாகக் கொடுத்தேன். இந்தியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லை என்பதால் நிலையான இடைவெளி போதுமானது. அந்த மாற்றம் உள்ள நாட்டுக்கான நூலகமாக இருந்தால், மண்டலங்களின் வரலாற்றை அறிந்த டிஇசட்இன்ஃபோ போன்ற ஜெம் தேவைப்பட்டிருக்கும். அறிக்கை டெஸ்டில், மண்டலத்தை மாற்றி ஒரு பிளாக்கை (நிரல் துண்டை) ஓட்டிவிட்டு, பிளாக் எப்படி முடிந்தாலும் என்ஷூர் பகுதியில் பழைய மதிப்பைத் திருப்பி வைக்கும் சிறு துணை மெத்தட் ஒன்றை எழுதி, செட்டப் பகுதியில் இருந்த வரியை நீக்கினேன்.

திருத்தத்துக்குப் பின் அதே தனி டெஸ்டை யூடிசி, ஆசியா/கொல்கத்தா, அமெரிக்கா/நியூயார்க் ஆகிய மண்டலங்களில் ஓட்டினேன், எல்லாவற்றிலும் தேறியது. குறித்துவைத்திருந்த சீட் எண்ணோடு முழுத் தொகுப்பையும் ஓட்டியபோதும் தேறியது. தானியங்கிச் சோதனை இயந்திரத்தில் வைத்திருந்த டிஇசட் அமைப்பை நீக்கிவிட்டு, திட்டத்தின் ரீட்மீ கோப்பில், ஒரு டெஸ்டை மட்டும் ஓட்டும் வரியையும், மண்டலத்தை மாற்றி ஓட்டும் வரியையும், கோப்பின் பெயருக்குப் பிறகே சிறுகோடு என் வர வேண்டும் என்ற குறிப்போடு சேர்த்து எழுதிவைத்திருக்கிறேன்.